வாசகர் கேள்வி–பதில்: இணையம் கொடுத்த வாக்கு என்னவாயிற்று?

இந்தியப் பொதுமக்களுக்கு அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணைய இணைப்பைத் திறந்துவிட்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதையொட்டி வந்த கடிதங்களில், ஒரே கவலையை வெவ்வேறு பக்கங்களிலிருந்து எழுப்பியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சிராப்பள்ளி): தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் கிளைக்கு இணையம் வந்தபோது, இனி அறிவுக்கு வேலி கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், உலகமே படிக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். இன்று கைப்பேசியைத் திறந்தால் விளம்பரமும் வசவும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அன்று சொன்னவர்கள் நம்மை ஏமாற்றினார்களா?

பதில்: ஏமாற்றவில்லை என்றே சொல்வேன். அவர்கள் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் வளர்ந்த ஆர்ப்பாநெட் என்ற கணினி வலைப்பின்னல், 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி என்ற விதிமுறைகளுக்கு மாறியது. இன்றைய இணையமும் அந்த விதிமுறைகளின் மீதுதான் நிற்கிறது. அவற்றைப் பின்பற்றும் எந்தக் கணினியும் வேறு எந்தக் கணினியோடும் பேசலாம் என்பதும், இடையில் உள்ள கருவிகள் தரவை அடுத்த இடத்துக்கு அனுப்பிவைப்பதோடு நின்றுவிடும் என்பதும், உள்ளே இருப்பது பேராசிரியரின் ஆய்வா பள்ளி மாணவனின் கவிதையா என்று அவை பார்க்க வேண்டியதில்லை என்பதும் அந்த அமைப்பிலேயே ஊறியிருந்த குணங்கள். வேலியில்லாத அறிவு என்ற பேச்சு வெறும் ஆசையாக அல்லாமல், இந்த அமைப்பைப் பார்த்துப் பிறந்த பேச்சாகவே இருந்தது.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த வைய விரிவு வலையை, அதாவது இன்று நாம் இணையதளங்களைப் பார்க்கும் முறையை, செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று எந்த உரிமத் தொகையும் கேட்காமல் உலகுக்குக் கொடுத்துவிட்டது. இந்த முடிவின் பெருமை, அதே ஆண்டில் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இணையத்தில் தகவல்களைத் தேடிப் படிக்க மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோஃபர் என்ற முறை அப்போது வலையைவிடப் பரவலாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அதன் வழங்கி மென்பொருளுக்குச் சில பயனர்களிடம் கட்டணம் வாங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்ததும் மென்பொருள் எழுதுவோர் விலகத் தொடங்கினர். சில ஆண்டுகளில் கோஃபர் பெயரளவில் மட்டுமே எஞ்சியது.

இனிச் செலவுக்கு வருவோம். அமெரிக்காவில் இணையத்தின் முதுகெலும்பாக இருந்த என்எஸ்எஃப்நெட் அரசுப் பணத்தில் இயங்கியது. அதன் வழியாக வணிகப் போக்குவரத்து நடத்தக் கூடாது என்று விதியும் இருந்தது. அக்காலத்து இணையப் பண்பாட்டை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகச் சம்பளத்தில், பல்கலைக்கழகக் கணினியில், பல்கலைக்கழக இணைப்பில் எழுதியவர்கள். அவர்களுக்கு எல்லாம் இலவசமாகத் தோன்றியதில் வியப்பில்லை; மாதக் கடைசியில் ரசீது அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. 1995 ஏப்ரல் 30 அன்று அந்த முதுகெலும்பு மூடப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் வலைப்பின்னல்களின் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, இணைய உலவியைத் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது; லாபமே ஈட்டியிராத அந்த நிறுவனத்தின் பங்கு விலை முதல் நாளிலேயே இரு மடங்குக்கு மேல் உயர்ந்து இறங்கியபோது, இணையம் எந்தத் திசையில் போகப்போகிறது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

1996 பிப்ரவரியில் அமெரிக்க இணைய உரிமை ஆர்வலர் ஜான் பெர்ரி பார்லோ, டாவோஸ் நகரிலிருந்து இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம் ஒன்றை எழுதி வெளியிட்டார். அரசுகளைப் பார்த்து, உங்களுக்கு இங்கே இடமில்லை என்று அறிவிக்கும் அந்த அறிக்கை, பழைய தகவல் தொழில் நிறுவனங்களை ஓரிடத்தில் சாடுகிறதே தவிர, இணையத்துக்குள்ளேயே முளைத்து அரசுகளுக்கு நிகராக வளரப்போகும் நிறுவனங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைய நம்பிக்கையாளர்கள் வாசலில் காவல் நின்றார்கள். வீடு உள்ளிருந்தே கைமாறியது.

கேள்வி (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்): அந்தக் காலத்தில் இணையம் இலவசம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். இன்றும் தேடல், மின்னஞ்சல், காணொலி, வரைபடம் எல்லாம் இலவசம்தானே? உண்மையில் எதை இழந்துவிட்டோம்?

பதில்: கட்டணம் இல்லாமல் ஒன்று கிடைக்கும்போது, அதற்கான பணத்தை வேறு யார், எதற்காகக் கொடுக்கிறார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் தோன்றியது. அதனால் மட்டும் பெரிய கேடு விளையவில்லை. பத்திரிகையிலும் விளம்பரம் உண்டு, நாங்கள் வெளியிடும் இதழிலும் உண்டு. வேறுபாட்டைக் கொண்டுவந்தது குக்கி என்ற சிறு கோப்பு.

அதே 1994-இல் நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மோன்டுல்லி அதை ஒரு நல்ல காரணத்துக்காகவே உருவாக்கினார். இணையதளங்களுக்கு அப்போது ஞாபகசக்தி கிடையாது. கடைத்தளம் ஒன்றில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், போட்டவர் யார் என்பதே தளத்துக்கு மறந்துவிடும். உங்கள் கணினியில் ஒரு சிறு அடையாள எண்ணை எழுதிவைத்து அடுத்த முறை அதைப் படித்துக்கொள்வதன் மூலம் இந்தக் குறை தீர்ந்தது. ஆனால் நீங்கள் படிக்கும் செய்தித்தளத்தின் ஓரத்தில் இருக்கும் விளம்பரப் படம், செய்தித்தளத்தின் கணினியிலிருந்து வராமல், விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. வரும்போது அதுவும் ஓர் அடையாள எண்ணை எழுதிவைக்கிறது. காலையில் செய்தி படிக்கிறீர்கள், மதியம் சர்க்கரை நோய்க்கான மருந்தைப் பற்றி வேறொரு தளத்தில் தேடுகிறீர்கள், இரவில் வீட்டுக் கடன் வட்டியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தளங்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் மூன்றிலும் அதே நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தால், மூவரும் ஒருவரே என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு இப்போது உலவிகள் சில தடைகளை விதிக்கின்றன. கைப்பேசிச் செயலிகளோ அதே வேலையை வேறு வழிகளில் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன.

1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த செர்கே பிரினும் லாரி பேஜும், தங்கள் புதிய தேடுபொறியை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், பயனாளரின் தேவையிலிருந்து விலகும் என்று அதன் பிற்சேர்க்கையில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். 2000 அக்டோபரில் அவர்களுடைய கூகுள் நிறுவனம் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி இன்றும் விளம்பரத்திலிருந்தே வருகிறது. நோயைச் சரியாகக் கணித்த மருத்துவர்களே அதை வாங்கிக்கொண்ட கதை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

விளம்பரத்தை விற்பதற்குப் பார்வையாளர் தங்க வேண்டும். 2012-இல் யூடியூப், ஒரு காணொலியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கே முதலிடம் கொடுத்துப் பரிந்துரைக்கத் தொடங்கியது. ஆசைகாட்டும் தலைப்புகளால் மக்கள் ஏமாறுவதைத் தடுக்கும் நோக்கமும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நேரமே அளவுகோலாகிவிட்ட பிறகு, பதினைந்து நிமிடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்து உங்களை அனுப்பிவைக்கும் ஆசிரியரைவிட, இரண்டு மணி நேரம் உங்களை உட்காரவைக்கும் வம்புக்காரர் மேடையில் முன்னே வந்துவிடுகிறார். எதை இழந்தோம் என்று கேட்டீர்கள். வந்த வேலை முடிந்ததும் உங்களைப் போகவிடும் இணையத்தை இழந்தோம்.

கேள்வி (யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வாசகர், டொரன்டோ): தொண்ணூறுகளின் இறுதியில் தமிழில் இணையப் பக்கங்கள் அமைத்தவர்களில் நானும் ஒருவன். அன்று எழுதியவற்றில் பெரும்பகுதி இன்று எங்குமே இல்லை. இணையத்தில் போட்டது அழியாது என்றார்களே?

பதில்: உங்கள் தலைமுறை பட்ட பாடு இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியாக்கமான ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தாலும், வீட்டுக் கணினிகளில் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு பத்திரிகையும், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துருவையும், அந்த எழுத்துருவுக்கென ஒரு குறியாக்கத்தையும் வைத்திருந்தன. நண்பர் அனுப்பிய மடலைத் திறந்தால், தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவர் எந்த எழுத்துருவில் தட்டினார் என்று விசாரித்து, அதைத் தரவிறக்கி, நிறுவி, உலவியின் அமைப்பை மாற்றினால்தான் ‘வணக்கம்’ என்ற சொல்லே தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் அதற்கு முன்பே தமிழைக் கணினித் திரையில் ஏற்றியிருந்தார்கள். சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழக அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. மின்மடல் குழுக்களில் கூடி விவாதித்த ஆர்வலர்கள் உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் பரவியது. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த தரமே இரண்டு மூன்றாகிப்போனது என்பது நமக்கே உரிய தனிச்சிறப்பு. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோது, பழைய குறியாக்கங்களில் இருந்தவை மாற்றப்பட்டாலொழியப் படிக்க முடியாதவையாகிவிட்டன.

எழுத்துருச் சிக்கலாவது மாற்றிகளைக் கொண்டு தீர்க்கக்கூடியது. இடத்தின் சிக்கல்தான் மீளவே முடியாதது. உங்களைப் போன்ற பலர் ஜியோசிட்டீஸ் தந்த இலவச இடத்தில் பக்கங்களை அமைத்தார்கள். 1999-இல் அதை வாங்கிய யாகூ நிறுவனம், 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தமிழ் மடற்குழுக்கள் பல இயங்கிவந்த யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்கள் 2019-இன் இறுதியில் அகற்றப்பட்டன. மறு ஆண்டு சேவையே நின்றுபோயிற்று. வாடகை வாங்காமல் ஒருவர் தன் கல்யாண மண்டபத்தில் நம்மைக் கூட்டம் போட அனுமதிக்கிறார் என்பதற்காக அதை ஊர்ப் பொதுச்சாவடி என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவர் பூட்டும்போது நம்மைக் கேட்கவில்லை.

ஆனால் முழுவதும் அழிந்துவிடவில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்திய அத்திட்டத்துக்கு அலுவலகமும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஒரு நாட்டில் இருப்பவர் அச்சு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாட்டாகத் தட்டச்சு செய்வார். இன்னொரு நாட்டில் இருப்பவர் அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். கோப்பு மின்னஞ்சலில் போய்வந்து முடிந்ததும், யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு வெளியாகும். திருக்குறளில் தொடங்கிய அந்த வரிசை, குறியாக்கங்கள் மாற மாறத் தானும் மாறி, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த உங்கள் மண்ணில், ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்க 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இதே வழியில் நடப்பது. ஒருவர் கையில் மட்டும் இருந்தவை போயின. படியெடுத்துப் பலர் கையில் கொடுத்தவை நின்றன. இணையத்தின் பழைய வாக்கு இந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் வதந்திகளைத் தட்டிக்கேட்டால் எனக்குத்தான் கெட்ட பெயர். படித்தவர்களே இப்படி அனுப்பும்போது, தொழில்நுட்பத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

பதில்: மனிதர்கள் வதந்தி பேசுவது புதிதல்ல, அதன் வேகம் புதிது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக அப்போது கைப்பேசிகளில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளிலும் இப்படி நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று இறுக்கியபோது, அத்தகைய செய்திகளின் பரவல் எழுபது சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது.

மக்கள் மாறவில்லை, படிப்பு கூடவில்லை, உங்கள் மைத்துனர் திருந்தவில்லை. ஒரு பொத்தானின் அமைப்பு மாறியதற்கே இவ்வளவு வேறுபாடு. ஆகவே தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதில் நிச்சயம் பயன் உண்டு. குழுவில் எல்லோர் முன்னிலையிலும் மறுப்பதைவிட, அனுப்பியவருக்குத் தனியாக எழுதிப் பாருங்கள். கெட்ட பெயர் கொஞ்சம் குறையும்.

கேள்வி (வழக்குரைஞர், நாகர்கோவில்): இணையத்தை எந்த அரசாலும் கட்டுப்படுத்த முடியாது என்று படித்திருக்கிறேன். 2018-இல் எங்கள் மாவட்டத்திலேயே அது நின்றுபோனதே?

பதில்: ஒரு வழி அடைபட்டால் தரவு வேறு வழியில் போகும் என்பது உண்மை, அது நடுவழியைப் பற்றிய உண்மை. உங்கள் கைப்பேசியிலிருந்து கோபுரம் வரையிலான கடைசித் தூரத்துக்கு மாற்று வழி கிடையாது. அந்தத் தூரம் அரசின் உரிமத்தோடு இயங்கும் ஒருசில நிறுவனங்களின் கையில் இருப்பதால், உள்துறைச் செயலாளரின் ஓர் உத்தரவே போதும். தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்ததை அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது அப்படித்தான். ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக இணைப்பு முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான்.

இடையில், 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீரின் அந்தத் துண்டிப்பை எதிர்த்த அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியான பேச்சுக்கும் தொழிலுக்கும் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவின் பாதுகாப்பு உண்டு, காலவரையின்றி நிறுத்திவைக்கக் கூடாது, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த உத்தரவுகள் நடைமுறையில் எத்தனை இடங்களில் உரிய நேரத்தில் வெளியிடப்படுகின்றன என்பதை உங்களைப் போன்ற வழக்குரைஞர்கள்தாம் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கும்பகோணம்): இதையெல்லாம் இனி மாற்ற முடியுமா, அல்லது புலம்புவதோடு சரியா?

பதில்: மாறியதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. தொடங்கிய பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. ஏழைகளுக்கு இணையம் என்று சொல்லப்பட்டாலும், கிடைத்தது ஒரு நிறுவனம் வேலி போட்டுக் கொடுத்த மூலை. அந்த ஆண்டு ஏப்ரலில், எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்தும் இணையச் சமநிலையைக் காக்கக் கோரி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. வெளிப்படைத்தன்மையில் குறை வைக்கக் கூடாது என்று எண்ணியோ என்னவோ, ஆணையம் அவ்வளவு மடல்களையும் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு சேர்த்தே இணையத்தில் வெளியிட்டுவிட்டது தனிக்கதை. எப்படியோ, 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் தளத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்தக் கூடாது என்று ஆணையம் விதி செய்தது. அந்தத் திட்டம் இந்தியாவிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதே வரிசையில் அடுத்து வர வேண்டியதாக நான் கருதுவது ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுத நாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் ஒரு செய்திச் செயலியிலிருந்து மற்றொன்றுக்கு நம்மால் ஒரு வரிகூட அனுப்ப முடிவதில்லை. மின்னஞ்சல் பொது விதிமுறையில் பிறந்தது, செயலிகள் அப்படிப் பிறக்கவில்லை என்பதே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டம், பெரிய செயலிகள் பிறவற்றோடு பேசும் வழியைத் திறக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. இந்தியாவிலும் அதைக் கேட்கலாம். கேட்பதற்குப் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதை 2015-இலேயே பார்த்துவிட்டோம்.

கேள்வி (தமிழாசிரியர், காரைக்குடி): முகநூலில் நான் எழுதிய உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றைப் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முகநூலின் அமைப்புகளில் உங்கள் தகவல்களை மொத்தமாகத் தரவிறக்கும் வசதி உண்டு, முதலில் அதைச் செய்து இரண்டு இடங்களில் படி வையுங்கள். பிறகு சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி, ஒருங்குறியில், எளிய பக்கங்களாக அவற்றை ஏற்றுங்கள். அலங்காரம் குறையக் குறைய ஆயுள் கூடும். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துவிட்டால், அங்கேயும் ஒரு படி சேர்ந்துவிடும். இணைய முகவரிக்கு உரிய காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான நினைவூட்டல் மடல் உங்களுக்கு மட்டும் வராமல், வீட்டில் இன்னொருவருக்கும் வரும்படி இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.